மூளைச் செல்கள் எப்படிச் சாகின்றன என்று வீட்டாருக்கு விளக்குவது எப்படி: ஒரு பழைய கோரைப்பாய், கொஞ்சம் பாசிமணி

எங்கள் வீட்டில் பெரிய சண்டை மூன்று முறை வந்திருக்கிறது. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். அத்தை ஒரே கேள்வியைப் பதினைந்தாவது தடவை கேட்பார். யாராவது "இப்பத்தானே சொன்னேன்" என்று குரலை உயர்த்துவார்கள். அத்தை அழுவார். தூத்துக்குடியிலிருந்து வரும் மதினி இரண்டு நாள் தங்கிவிட்டு, "அம்மா நல்லாத்தானே இருக்கா, உனக்குத்தான் பொறுமை இல்ல" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவார்.

நான் அத்தை என்று சொல்வது என் மாமியாரை. அவருக்கு அல்சைமர் என்ற மறதி நோய். கண்டுபிடித்து ஆறு வருடம் ஆகிறது. நான் டாக்டர் இல்லை. 26 வருடமாகத் திருநெல்வேலியில் ஒரு பாதாலஜி லேபில் வேலை பார்க்கிறேன். ஆபரேஷனில் எடுத்த திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, நான்கைந்து மைக்ரான் கனத்துக்குச் சீவி, கண்ணாடிச் சிலைடில் ஏற்றிச் சாயம் போட்டுக் கொடுப்பது என் தொழில். செத்த செல் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதை வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியவைக்கத்தான் இரண்டு வருடம் ஆகிவிட்டது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் அந்த இரண்டு வருடத்தை நீங்கள் வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். எந்தச் செல் முதலில் சாகிறது, எது கடைசிவரை பிழைத்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அவரோடு வாதாடுவது தானாகவே குறைந்துவிடும். எங்கள் வீட்டில் குறைந்தது.

முதலில் நான் செய்த தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். "அத்தைக்கு மூளையில் பேட்டரி இறங்கிப்போச்சு" என்று சொன்னேன். மறுநாளே என் கணவர் பாதாம், வல்லாரை லேகியம், சத்துமாவு என்று ஒரு பை நிறைய வாங்கிவந்தார். பேட்டரி என்றால் சார்ஜ் ஏற்றலாம் என்றுதானே நினைப்பார்கள். அடுத்து "கம்ப்யூட்டரில் மெமரி அழிந்த மாதிரி" என்றேன். கொழுந்தன் மகன் எட்டாம் வகுப்பு. "அப்படின்னா ஆச்சிக்கு அவங்க கல்யாணக் கதை மட்டும் எப்படி ஞாபகம் இருக்கு?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. ஆகவே இந்த இரண்டு உவமையும் வேண்டாம்.

விளக்க உட்காரும் முன்பு நோய் அல்சைமர்தான் என்று உறுதியாகியிருக்க வேண்டும். மறதி எல்லாம் அல்சைமர் கிடையாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு மெதுவாகக் கசிந்த ரத்தம் ஆகியவையும் அதே மாதிரி மறதியைத் தரும், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. முதலில் காட்டிய இடத்தில் "வயசானா அப்படித்தான்" என்று சொல்லி எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடம் போய்விட்டது. அந்த வருடம் இன்னும் எனக்கு உறுத்துகிறது. நரம்பியல் டாக்டரிடம் போங்கள், ரத்தப் பரிசோதனையும் தலை ஸ்கேனும் எடுக்கச் சொல்வார்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, இப்போது விளக்கத்துக்கு வருவோம். இதற்கு ஒரு சரம் பாசிமணி, ஒரு கத்தரிக்கோல், கிழிந்துபோன ஒரு கோரைப்பாய் வேண்டும். எங்களிடம் அத்தையின் பழைய பத்தமடைப் பாய் இருந்தது. ஓரம் பிய்ந்து பரணில் கிடந்தது.

பாசிமணியில் ஆரம்பியுங்கள். மூளைச் செல்லின் மேல்தோலில் நீளமான ஒரு புரதம் குத்தி நிற்கிறது. புரதம் என்பது மணி கோத்த சரம் போலத்தான், ஒவ்வொரு மணியும் ஓர் அமினோ அமிலம். அந்தச் சரத்தை உடம்பே இரண்டு இடத்தில் வெட்டுகிறது. நடுவில் விழும் துண்டின் பெயர் அமிலாய்டு பீட்டா. வெட்டு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து அதில் பெரும்பாலும் 40 மணி இருக்கும், சிலதில் 42 மணி. பிள்ளைகளையே எண்ணி வெட்டச் சொல்லுங்கள். கையில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் மூளையில் அந்த இரண்டு மணி அதிகமான துண்டுதான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. முதலில் நாலைந்து சேர்ந்த சின்னக் கொத்து, அப்புறம் பெரிய திட்டு. கஞ்சித் தண்ணீரை நாள்தோறும் சிங்க்கில் ஊற்றினால் குழாயில் படிவது போல, செல்லுக்கு வெளியே செல்களுக்கு நடுவே படிகிறது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். இந்தப் படிவு, மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து இருபது வருடத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மதினிக்கு அப்போதுதான் முகம் மாறியது. "அப்ப அப்பா இருந்தப்பவே ஆரம்பிச்சிருக்குமா?" என்று கேட்டார். மாமா இறந்த துக்கத்தால்தான் அம்மாவுக்கு இது வந்தது என்று அதுவரை அவர் நம்பிக்கொண்டிருந்தார். நாங்கள் அம்மாவை அப்போது தனியாக விட்டதால்தான் என்றும் ஒரு வருத்தம் அவருக்கு என்மேல் இருந்தது. அந்த ஒரு கணக்கில் இரண்டும் தீர்ந்தன.

இந்தச் சின்னக் கொத்துகள் முதலில் செய்யும் கெடுதல், செல்களுக்கு நடுவில் இருக்கும் இணைப்பைத் தளர்த்துவது. நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான மற்ற செல்களின் கையைப் பிடித்திருக்கிறது. கை விடுபடுவதுதான் முதலில் நடக்கிறது, சாவு பிறகுதான். ஆரம்பத்தில் அவர் சில நாள் தெளிவாகவும் சில நாள் குழப்பமாகவும் இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு. செல் இருக்கிறது, நலிந்து இருக்கிறது. டாக்டர் கொடுக்கும் டொனெபெசில் மாத்திரை இங்கேதான் உதவுகிறது. செல்லுக்குச் செல் சேதி கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொள்கிறது. இருக்கும் செல்லைப் பேசவைக்கும், சாவதைத் தடுக்காது. இதை மாத்திரை தொடங்கும்போதே வீட்டாரிடம் சொல்லிவிட்டால், "மாத்திரை கொடுத்தும் குணமாகலையே" என்று ஆறாம் மாதத்தில் யாரும் நிறுத்திவிட மாட்டார்கள்.

இப்போது பாயை விரியுங்கள். இதைத்தான் நிதானமாகச் செய்ய வேண்டும்.

பாயில் கோரை குறுக்கே ஓடுகிறது, பருத்தி நூல் நெடுக்கே ஓடி ஒவ்வொரு கோரையையும் பிடித்து வைத்திருக்கிறது. நரம்புச் செல்லின் நீண்ட வாலுக்குள் இப்படித்தான் நுண்குழாய்கள் வரிசையாகப் போகின்றன. சில செல்களில் அந்த வால் ஒரு மீட்டர்கூட இருக்கும். சாப்பாடு, பழுதுபார்க்கும் சாமான், கழிவு எல்லாம் இந்தக் குழாய்களின் மேலேதான் போய்வருகின்றன. குழாய்கள் கலையாமல் பிடித்திருக்கும் புரதத்தின் பெயர் டௌ. பாயில் நூல் எதுவோ செல்லில் டௌ அது.

நோயில் டௌவின் மேல் அளவுக்கு மீறிப் பாஸ்பேட் ஒட்டிக்கொள்கிறது. பிடி தளர்கிறது. இந்த இடத்தில் பாயின் ஓரத்து நூலை மெதுவாக உருவுங்கள். எங்கள் வீட்டில் கொழுந்தன் மகன்தான் உருவினான். முதல் நூல் வந்தபோது பாய் அப்படியே இருந்தது. இரண்டாவதிலும் ஒன்றும் ஆகவில்லை. நாலாவது நூலில் ஓரத்துக் கோரைகள் விலகி, ஒன்று மேலே ஒன்று சரிந்து, தரையில் கொட்டின. உருவிய நூல்களை உள்ளங்கையில் வைத்து உருட்டச் சொன்னேன். சிக்கு விழுந்து ஒரு முடிச்சு ஆனது. செல்லுக்குள்ளும் கழன்ற டௌ இப்படித்தான் தன்னோடு தானே முறுக்கிக்கொண்டு முடிச்சாகிறது. போக்குவரத்தும் நிற்கிறது, வீட்டுக்குள் குப்பையும் சேர்கிறது. "திரும்பக் கோத்துடலாம் பெரியம்மா" என்று அவன் உட்கார்ந்து முயற்சி செய்தான். அரை மணி நேரம் விட்டுவிட்டேன். நாலு கோரையைக்கூட அவனால் சேர்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவன் ஆச்சியிடம் "யோசிச்சுப் பாருங்க ஆச்சி, ஞாபகம் வரும்" என்று சொல்வதை விட்டுவிட்டான்.

இந்த முடிச்சை நான் கண்ணாலே பார்த்திருக்கிறேன். பயிற்சிக்காக வைத்திருந்த பழைய சிலைடுப் பெட்டியில் ஒரு மூளைத் துண்டு இருந்தது. வழக்கமான சாயத்தில் செல்லின் கரு நீலமாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரியும், முடிச்சு கண்ணில் நன்றாகப் படாது. வெள்ளிச் சாயம் போட வேண்டும். சில்வர் நைட்ரேட்டில் நனைத்து, அமோனியா சேர்த்து, கடைசியில் ஃபார்மலின் பட்டதும் மஞ்சள் பின்னணியில் கறுப்புக் கோடுகள் எழும். கையுறை கிழிந்திருந்தால் விரல்நுனி கறுத்து ஒரு வாரம் போகாது. அந்தச் சிலைடில் டௌ முடிச்சு அகல்விளக்குச் சுடர் மாதிரி, அடி அகன்று நுனி கூர்ந்து, செல்லை நிறைத்து நின்றது. சில இடத்தில் சுடர் மட்டும் இருந்தது. அதைச் சுற்றிச் செல் இல்லை. கரு இல்லை, சுவர் இல்லை. செல் செத்துக் கரைந்துபோய், அதைக் கொன்ற முடிச்சு மட்டும் அங்கே அடையாளமாகக் கிடந்தது. அப்போது அத்தைக்கு இந்த நோய் வரவில்லை. இப்போது நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

இந்த நோய்க்குத் தன் பெயரைத் தந்த ஜெர்மன் டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் பார்த்ததும் இதைத்தான். 1901 நவம்பரில் பிராங்ஃபர்ட் மனநல மருத்துவமனைக்கு அகுஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்ணை அழைத்து வந்தார்கள். மதியம் அவர் காலிஃபிளவரும் பன்றிக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். கீரை என்றார் அவர். பெயரை எழுதச் சொன்னால் முதல் சொல்லோடு நின்றுவிட்டார். "நான் என்னையே தொலைத்துவிட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். 1906 ஏப்ரலில் அவர் இறந்த பிறகு, அவர் மூளையை வெள்ளிச் சாயத்தில் பார்த்து, அந்த நவம்பரில் ட்யூபிங்கனில் நடந்த கூட்டத்தில் அல்சைமர் விவரித்தார். செல் இருந்த இடத்தில் நாரின் கட்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று அன்றே சொல்லிவிட்டார். அத்தை இட்லியைத் தின்றுகொண்டே "புட்டு நல்லாருக்கு" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாவின் கீரைதான் ஞாபகம் வரும். திருத்தாதீர்கள். நல்லாருக்கு என்று சொல்கிறாரே, அது போதும்.

செல் எப்படிச் சாகிறது என்று மூத்த பிள்ளைகள் கேட்பார்கள். இதை ரொம்ப விரிக்க வேண்டாம். மூளையின் காவலாளி, துப்புரவாளர் இரண்டும் மைக்ரோக்ளியா என்ற செல்கள்தான். திட்டுகளைத் தின்று சுத்தம் செய்ய வந்தவை, வருடக்கணக்கில் அதே வேலையில் கிடந்து கெட்டுப்போய், நல்ல இணைப்புகளையும் சேர்த்துத் தின்னத் தொடங்குகின்றன. அந்த அழற்சியும் உள்ளே இருக்கும் முடிச்சும் சேர்ந்து செல்லைத் தள்ளிவிடுகின்றன. செல் சாவதில் ஒரு விதம், தானே சுருங்கி, ஒதுங்கி, பக்கத்தாருக்குத் தொந்தரவு இல்லாமல் போவது. இன்னொரு விதம், வீங்கி வெடித்து உள்ளிருப்பதைப் பக்கத்தில் கொட்டிவிட்டுப் போவது. அதுவும் செல்லுக்குள் இருக்கும் ஏற்பாட்டின்படியே நடப்பதுதான், பெயர் நெக்ரோப்டோசிஸ். 2023ல் பெல்ஜியத்தின் லூவன் நகரத்து ஆய்வாளர் பார்ட் டி ஸ்ட்ரூப்பரின் குழுவினர் மனித நரம்புச் செல்களை எலியின் மூளையில் வளர்த்துப் பார்த்து, அல்சைமரில் இந்த இரண்டாவது வகைச் சாவு நடப்பதைக் காட்டினார்கள். வழி இது ஒன்றுதானா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது.

எங்கே சாகின்றன என்பதுதான் வீட்டாருக்கு அதிகம் உதவும் செய்தி. இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

டௌ முடிச்சு மூளை முழுக்க ஒரே நேரத்தில் வருவதில்லை. ஜெர்மனியில் மூளை ஆய்வாளர்களான பிராக் தம்பதியர் 1991ல் அதன் பாதையை ஆறு படியாக வரைந்துகொடுத்தார்கள். காதுக்கு உட்புறம், மூளையின் அடியில் இருக்கும் ஒரு சின்ன வாசல்தான் முதலில் விழுகிறது. என்டோரைனல் புறணி என்று பெயர். கண்டது கேட்டது எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிக்குள் போய்ப் புது ஞாபகமாகப் பதிகிறது. நோய் லேசாக இருப்பவர்களிடமே அந்த வாசலின் ஒரு முக்கிய அடுக்கில் பாதிக்கும் மேற்பட்ட செல்கள் போயிருப்பதை 1996ல் எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். நாம் "ஏதோ மறதி" என்று சொல்லும்போது அங்கே வாசல் இடிந்து கிடக்கிறது.

கொழுந்தன் மகனுக்கு அன்று சொல்ல முடியாத பதிலை இங்கேதான் சொன்னேன். ஆச்சியின் கல்யாணம் ஐம்பது வருடத்துக்கு முன்பே உள்ளே போய், மூளையின் மேற்பரப்பில் பல இடத்தில் ஊன்றிவிட்டது. இன்று காலை இட்லி உள்ளேயே போகவில்லை. போகாத ஒன்றை மறக்கவும் முடியாது. அதனால் "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்காதீர்கள். போனில் பேசும் மகன்கள் எல்லாரும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். அதற்குப் பதில் "கல்யாணத்துல என்ன சாப்பாடு போட்டாங்க?" என்று கேளுங்கள். அத்தை இருபது நிமிடம் பேசுவார். பதினைந்தாவது தடவை கேட்கும் கேள்வி அவருக்கு முதல் தடவைதான். முதல் தடவைக்குச் சொன்ன குரலிலேயே சொல்லுங்கள்.

அடுத்து நோய் மூளையின் பக்கவாட்டுக்கும் பின்மேல் பகுதிக்கும் பரவுகிறது. அப்போது சொல் கிடைக்காது, வழி தெரியாது, சேலை கட்டும் வரிசை கலைந்துபோகும். முன்பகுதிக்கு வந்தால் சுபாவம் மாறும். உடம்பை அசைக்கும் பகுதியும், கண் முதலில் காட்சி வாங்கும் பகுதியும், கைப்பழக்கத்தைக் காக்கும் ஆழத்துப் பகுதிகளும் வெகுநாள் தாங்கும். மூன்றாம் வருடத்தில் அத்தைக்கு என் பெயர் போய்விட்டது. ஆனால் கோலமாவுக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தால் ஏழு புள்ளிக் கோலத்தைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்து இழுத்து முடித்துவிடுவார். ஐந்தாம் வருடத்தில் புள்ளி மட்டும் வைத்தார், கோடு எங்கே திரும்ப வேண்டும் என்று தெரியாமல் கிண்ணத்தோடு நின்றார். நோய் பக்கவாட்டில் இருந்து பின்மேல் பகுதிக்கு வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. இப்போது மாவைச் சும்மா தூவுகிறார். அதையும் நிறுத்தவில்லை. என்ன போய்விட்டது என்று சோதிக்காமல், எது மிச்சம் இருக்கிறதோ அதைக் கையில் கொடுங்கள்.

திருட்டுப் பழி வரும். அதற்கு எல்லாரையும் தயார் செய்யுங்கள். "ஏட்டி, என் செயினை எங்கட்டி வச்ச?" என்று அத்தை என்னைக் கேட்டபோது பக்கத்து வீட்டு அக்காவும் அங்கே இருந்தார். அன்று இரவு முழுக்க அழுதேன். செயின் அரிசிப் பானைக்குள் இருந்தது. ஒளித்துவைத்த ஞாபகம் வாசலிலேயே விழுந்துவிட்டது, ஆனால் பயம் மட்டும் உயிரோடு இருக்கிறது. வைத்த இடத்தில் பொருள் இல்லை என்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும் என்று மிச்சமிருக்கும் மூளை நியாயமாகத்தான் கணக்குப் போடுகிறது. "நான் எடுக்கல" என்று சொல்லாதீர்கள். "வாங்க, சேர்ந்து தேடுவோம்" என்று கையைப் பிடியுங்கள். தேடத் தொடங்கிய ஐந்து நிமிடத்தில் பெரும்பாலும் என்ன தேடுகிறோம் என்பதே போய்விடும், கை பிடித்த ஆறுதல் மட்டும் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சாவு மெதுவானது, மாதக்கணக்கு வருடக்கணக்கு. ஒரே நாளில் இரண்டு நாளில் குழப்பம் திடீரென்று கூடினால், தூங்கி விழுந்தால், இல்லாததைக் கண்டு பேசினால், அதை அல்சைமர் தலையில் போடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீர்ச்சத்துக் குறைவு, புது மாத்திரை ஏதாவது இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அத்தைக்கு ஒரு தடவை அப்படி ஆகி, சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து கொடுத்ததும் நாலு நாளில் பழையபடி ஆனார்.

கடைசியில் இரண்டு கேள்வி வரும். ஒன்று, புது ஊசி. லெக்கானமாப் என்ற மருந்து அமிலாய்டைத் துடைக்கிறது. அமெரிக்காவில் 2023ல் முழு அனுமதி பெற்றது. சோதனையில் 18 மாதத்தில் நோயின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் வரக்கூடும் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். செத்த செல்லை அது திருப்பித் தராது. கொழுந்தன் நிலத்தை விற்கலாமா என்று கேட்டார். பாயைக் காட்டினேன். புரிந்துகொண்டார்.

இன்னொன்று, "நமக்கும் வருமா?" மெதுவான குரலில்தான் கேட்பார்கள். நேராகப் பதில் சொல்லுங்கள். நாற்பது ஐம்பது வயதிலேயே தலைமுறைதோறும் வரும் மரபணு வகை மிக அரிது. வயதான பிறகு வரும் வகையில் ஏபிஓஇ4 என்ற மரபணு வாய்ப்பைக் கூட்டுகிறது, ஆனால் அது இருந்தும் வராதவர்கள் நிறையப் பேர். லான்செட் மருத்துவ இதழின் குழு 2024ல் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொன்னது. அவற்றைச் சரிசெய்தால் டிமென்ஷியா, அதாவது அல்சைமரும் அது போன்ற மற்ற மறதி நோய்களும் சேர்ந்த பாதிப்பில் சுமார் 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை, குடி, நடக்காமல் இருப்பது, காது கேளாமை எல்லாம் அதில் உண்டு. மதினி நாலு வருடமாகத் தள்ளிப்போட்ட காது மெஷினை அடுத்த மாதமே வாங்கிவிட்டார்.

இதையெல்லாம் அவர் காதில் விழாத இடத்தில் வைத்துச் சொல்லுங்கள். முதல் முறை நாங்கள் கூடத்தில் உட்கார்ந்துதான் பாயைப் பிரித்தோம். அத்தை கட்டிலில் தூங்குகிறார் என்று நினைத்தோம். தூங்கவில்லை. "யாருக்குட்டி மூளை செத்துப்போச்சு?" என்று கேட்டார். யாரும் பேசவில்லை. "ஊர்ல ஒருத்தருக்கு அத்தை" என்றேன். "பாவம். பிள்ளைக இருக்கா பாத்துக்க?" என்றார். மதினி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இருக்காங்கம்மா, மூணு பேர்" என்று சொன்னார். அதிலிருந்து யார் புதிதாக வந்தாலும் பாயை மொட்டைமாடிக்கு எடுத்துப்போய்த்தான் பிரிக்கிறோம்.